பூட்டிய அலைகள்: ஹாம் வானொலியில் திறமூலமும் மூடிய மூலமும்

ஹாம் வானொலி எனப்படும் அமெச்சூர் வானொலியில் ஒருவர் பேசுவதை உலகில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பிறருக்குப் புரியாதபடி பேசத்தான் அனுமதி இல்லை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி ஒழுங்குவிதிகளில் 25ஆம் பிரிவு இதை நேராகவே சொல்கிறது: வெவ்வேறு நாட்டு அமெச்சூர் நிலையங்களுக்கு இடையே போகும் செய்தியை, அதன் பொருளை மறைக்கும் நோக்கத்தோடு குறியீடாக்கக் கூடாது. அமெச்சூர் செயற்கைக்கோளுக்குத் தரையிலிருந்து போகும் கட்டளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதே விதிகளின் முதல் பிரிவு அமெச்சூர் சேவையை வரையறுக்கிறது. தானே பயில்வது, பிறரோடு தொடர்புகொள்வது, தொழில்நுட்பத்தை ஆராய்வது ஆகியவற்றைப் பண நோக்கம் இல்லாமல் செய்வதே அந்தச் சேவை.

அலைமாலையில் ஒரு பங்கை அரசுகள் ஹாம்களுக்கு விட்டுவைத்திருப்பது இதற்காகத்தான். செல்பேசி நிறுவனங்கள் பல்லாயிரம் கோடி ரூபாய் கொட்டி ஏலத்தில் எடுக்கும் அதே வகை வளம், தேர்வு எழுதி உரிமம் வாங்கிய பள்ளி ஆசிரியருக்கும் மின்பணியாளருக்கும் ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கிறது. கற்பார்கள், கற்றதை மறைக்காமல் வைப்பார்கள் என்ற நம்பிக்கைதான் அதற்கு ஈடு.

மோர்ஸ் தட்டிய காலத்தில் இதில் சிக்கல் எழவில்லை. மோர்ஸ் குறிகளை யாரும் கற்கலாம். ஒற்றைப் பக்கப்பட்டைக் குரலைப் பிரித்தெடுக்கும் சுற்று எந்த ஹாம் கையேட்டிலும் படத்தோடு இருக்கும். கருவியைக் கடையில் வாங்கியவர்கூட மூடியைக் கழற்றி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். குரலும் செய்தியும் மென்பொருளுக்குள் போன பிறகுதான் புதிய கேள்வி வந்தது. காற்றில் போகும் அலையை யாரும் பிடிக்கலாம் என்றாலும், அதைப் பேச்சாகவோ எழுத்தாகவோ மாற்றும் நிரல் ஒரே நிறுவனத்திடமோ ஒரே மனிதரின் கணினியிலோ பூட்டியிருந்தால் அது மறைத்துப் பேசுவது ஆகாதா?

ஆகாது என்பதே பெரும்பாலும் சட்டம் தரும் விடை. மறைக்கும் நோக்கம் அங்கே இல்லை, காசு கொடுத்தால் எவரும் கேட்கலாம். ஆனால் இந்தச் சேவை எதற்காக இருக்கிறதோ அந்த நோக்கத்தின் பக்கம் நின்று பார்த்தால் விடை இவ்வளவு எளிதில் கிடைக்காது. ஹாம்களிடையே இந்த விவாதம் எழும்போதெல்லாம் எல்லா மென்பொருளையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதைக் காண்கிறேன். ஒருவர் தம் தொடர்புகளைப் பதிந்துவைக்க எந்த லாகிங் மென்பொருளை வைத்துக்கொள்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். அது மூடிய மூலமாக இருந்தால் இழப்பு அவரோடு நிற்கும். காற்றில் போகும் மொழி அப்படி அல்ல. ஒரு நிலையம் ஒரு மொழியில் பேசத் தொடங்கினால் எதிர்முனையில் இருப்பவரும் அதையே பேச வேண்டும், இடையில் கேட்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், அதே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்ளும் மூன்றாமவரும் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். மூடிய நிரலைப் பொறுத்துக்கொள்ளலாம். மூடிய மொழியைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்பதே என் முடிவு. அதற்கான காரணங்கள் பொதுக் கொள்கையில் இல்லை, கடந்த கால் நூற்றாண்டில் நடந்தவற்றில் இருக்கின்றன.

முதல் பெரிய மோதல் குரலில் நடந்தது. ஜப்பான் அமெச்சூர் ரேடியோ லீக் உருவாக்கிய டி-ஸ்டார் என்ற டிஜிட்டல் முறை 2000களின் தொடக்கத்தில் வந்தது. ஐகாம் நிறுவனம் அதற்கான கருவிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நொடிக்கு 4,800 பிட்டில் 2,400 குரலுக்கு, 1,200 அந்தக் குரலைப் பிழையிலிருந்து காப்பதற்கு, எஞ்சிய 1,200 தரவுக்கு. முறையின் விவர ஆவணத்தை லீக் வெளியிட்டது, யாரும் படிக்கலாம். ஆனால் படித்துக்கொண்டே போகிறவர் ஓரிடத்தில் சுவரில் முட்டிக்கொள்வார். குரலைப் பிட்டுகளாக்கும் ‘ஆம்பி’ என்ற கோடெக் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள டிஜிட்டல் வாய்ஸ் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் உடைமை. காப்புரிமை அதைக் காத்தது. சிப்பாக வாங்கிப் பலகையில் பற்றவைக்கலாமே தவிர உள்ளே எட்டிப்பார்க்க வழியில்லை. பின்னால் பரவிய டிஎம்ஆர், யேசூ நிறுவனத்தின் சிஸ்டம் ஃப்யூஷன் ஆகிய இரண்டு டிஜிட்டல் குரல் முறைகளும் அதே குடும்பத்துக் கோடெக்கையே எடுத்துக்கொண்டன.

குரலை இவ்வளவு சுருக்குவது எப்படி என்று கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் இழப்பின் அளவு அப்போதுதான் தெரியும். தொலைபேசி இணைப்பகங்களுக்கு இடையே ஒரு குரல் நொடிக்கு 64,000 பிட்டாகப் போவதே நெடுங்கால வழக்கம். டி-ஸ்டாரில் அது 2,400. ஒலியலையை அப்படியே அனுப்பாமல், பேசுகிறவரின் தொண்டையும் வாயும் அந்தக் கணத்தில் என்ன செய்கின்றன என்ற விவரத்தை மட்டும் அனுப்புவதால் இது முடிகிறது. சுருதி எவ்வளவு, அதன் மடங்குகளாக எழும் ஒலிகளின் வலிமை எப்படிப் பரவியிருக்கிறது, வாயிலிருந்து வருவது ‘ம’ போல் தொண்டை அதிரும் ஒலியா, ‘ஸ’ போல் வெறும் காற்றா என்ற குறிப்புகள் போகின்றன. பெறும் பக்கம் அவற்றைக் கொண்டு குரலைப் புதிதாகக் கட்டி எழுப்புகிறது. ஒலியியல், கணிதம், மின்னணுவியல் மூன்றும் சந்திக்கும் இடம் இது. தானே பயில்வதற்காக உரிமம் பெற்ற ஒருவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. அந்தப் பாடத்தைத்தான் சிப்புக்குள் வைத்து மூடியிருந்தார்கள்.

சுவரில் துளை போடவும் ஆள் வந்தார். தம் பெயரை வெளியிடாத ஒருவர் இந்தக் குடும்பத்துக் கோடெக்கைப் பிரித்துக் கேட்க உதவும் ‘எம்பிஇ-லிப்’ என்ற நிரலை எழுதி வெளியிட்டார். இது காப்புரிமைக்கு உட்பட்டிருக்கலாம் என்ற எச்சரிக்கையும் அதோடு இருந்தது. பிறர் கேட்பதற்காகவே அனுப்பப்படும் ஹாம் குரலைக் கேட்க ஒரு நிரல் எழுதியவர் தம் பெயரை மறைக்க வேண்டியிருந்தது என்பதை நான் சிறிய செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தச் சேவையின் அடிப்படையே அங்கே தலைகீழாகியிருந்தது.

நேர்வழியில் மாற்று தேடியவர்களில் முதன்மையானவர் புரூஸ் பெரன்ஸ். டெபியன் லினக்ஸ் திட்டத்துக்காக 1997இல் அவர் தொகுத்த விதிகளே பிறகு ‘திறமூலம்’ என்பதற்கு உலகம் ஏற்ற வரையறை ஆயின. அவரும் ஒரு ஹாம். ஆம்பிக்கு மாற்றாகக் கட்டற்ற கோடெக் ஒன்று வேண்டும் என்று அவர் வலியுறுத்தி வந்தார். அதைச் செய்து முடித்தவர் தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரைச் சேர்ந்த டேவிட் ரோவ். பேச்சுச் சுருக்கத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். செயற்கைக்கோள் தொடர்புத் துறையில் பார்த்த நல்ல வேலையை 2006இல் விட்டுவிட்டுத் திறமூலப் பணிக்கே வந்தவர். 2010இல் ‘கோடெக் 2’ வெளியானது. நொடிக்கு 3,200 பிட்டிலிருந்து படிப்படியாக இறங்கி 700 பிட் வரை போகும் முறைகள் அதில் உண்டு. 700 பிட் முறையில் 40 மில்லிநொடிக்கு ஒருமுறை 28 பிட் மட்டுமே அனுப்பப்படுகிறது. ஒரு மனிதக் குரலின் இருபத்தைந்தில் ஒரு நொடி 28 சுழிகளுக்கும் ஒன்றுகளுக்கும் உள்ளே அடங்கிவிடுகிறது. அது எப்படி என்று நிரலைத் திறந்து வரி வரியாகப் படிக்கலாம். தேறிய சோதனைகளோடு தேறாதவற்றையும் ரோவ் எழுதிவைத்திருக்கிறார். கோடெக் 2ஐக் கொண்டு குறுகிய அலைகளில் டிஜிட்டல் குரல் பேசும் ஃப்ரீடிவி என்ற மென்பொருள் 2012இல் வந்தது.

அதே கோடெக்கை வைத்து 2019இல் போலந்தில் இன்னொரு முயற்சி தொடங்கியது. வோய்ச்செக் காச்மார்ஸ்கி தொடங்கிய அந்த முறைக்கு எம்17 என்று பெயர். வார்சாவில் அவர்களுடைய சங்கம் இருக்கும் மொகோட்டோவ்ஸ்கா தெரு, 17ஆம் எண் என்ற முகவரியே பெயராகிவிட்டது. டி-ஸ்டாருக்கும் டிஎம்ஆருக்கும் மாற்றாக, மேலிருந்து கீழ்வரை எல்லாம் திறந்த ஒரு டிஜிட்டல் குரல் முறை அது. ஆவணம், கோடெக், கருவிப் படம் எதுவும் மறைவில்லை.

இவ்வளவு இருந்தும் திறந்தவை வென்றுவிடவில்லை. டிஜிட்டல் குரல் பேசும் ஹாம்களின் இடுப்பில் தொங்குவது பெரும்பாலும் டிஎம்ஆர் கைக்கருவிதான். டிஎம்ஆர் முதலில் காவலர்களுக்கும் தொழிற்சாலைகளுக்குமான வணிகத் தரமாக ஐரோப்பாவில் எழுதப்பட்டது. அந்தப் பெரிய சந்தைக்காகச் சீனாவில் லட்சக்கணக்கில் செய்யப்படும் கருவி ஹாம்களுக்கும் மலிவாகக் கிடைக்கிறது. ஆம்பி சிப்பின் விலை அந்த எண்ணிக்கையில் கரைந்துவிடுகிறது. எம்17 பேச விரும்பியவரோ தொடக்கத்தில் பழைய கருவியைப் பிரித்து ஃபர்ம்வேரை மாற்ற வேண்டியிருந்தது, அல்லது தானே பலகை செய்ய வேண்டியிருந்தது. குரலின் இயல்பான தொனியிலும் கோடெக் 2இன் தொடக்க முறைகள் ஆம்பியை எட்டிப் பிடித்தன என்று சொல்ல மாட்டேன். திறமூலம் என்பதற்காகவே ஒன்று சிறந்ததாகிவிடாது. திறந்திருப்பதால் கிடைப்பது மேம்படுத்தும் வாய்ப்பு மட்டுமே. மேம்படுத்த ஆளும் நேரமும் வேண்டும், பணமும் வேண்டும்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கதை ஹாம்களின் வரலாற்றிலேயே அழகான ஒன்று. 1981இல் ஹேங்க் மக்னுஸ்கி என்ற ஹாம், கணினிகளை வானொலியால் இணைக்கும் சோதனைகளுக்காக இணைய முகவரிகளில் 44 என்று தொடங்கும் தொகுதி முழுவதையும் கேட்டு வாங்கினார். அப்போது அவற்றுக்கு விலை எதுவும் இல்லை. மொத்தம் 1.67 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள். பிற்காலத்தில் உலகில் முகவரிப் பஞ்சம் வந்தது. 2019இல் அந்தத் தொகுதியில் கால் பங்கை அமேசான் நிறுவனம் 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அந்தப் பணத்தைக் காக்கும் ஏஆர்டிசி என்ற அறக்கட்டளை இன்று ஹாம் வானொலித் திட்டங்களுக்கு நல்கை அளிக்கிறது. எம்17, ஃப்ரீடிவி, மென்பொருள் வானொலிக்கு அடித்தளமான க்னூ ரேடியோ ஆகியவை அதில் பயன்பெற்றவை. பகிர்ந்துகொள்வதற்காகப் பெறப்பட்ட பொதுச்சொத்து நாற்பது ஆண்டு கழித்து இன்னொரு பொதுச்சொத்துக்கு ஊட்டமாகிறது. இந்த விற்பனையை எதிர்த்த ஹாம்களும் உண்டு. எல்லோருக்கும் உரியதை ஒரு சிலர் விற்கலாமா என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான்.

குரலை விடச் சிக்கலான வழக்கு மின்னஞ்சலுடையது. நடுக்கடலில் பாய்மரப் படகில் இருப்பவர், புயலில் செல்பேசிக் கோபுரங்கள் சாய்ந்த ஊரில் இருப்பவர் போன்றோர் குறுகிய அலை வழியாக மின்னஞ்சல் அனுப்ப வின்லிங்க் என்ற வலையமைப்பைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு நெடுங்காலம் முதுகெலும்பாக இருந்தது பாக்டர் என்ற மோடம் முறை. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மானிய ஹாம்கள் இருவர் உருவாக்கிய முதல் பாக்டரை எவரும் செய்து பார்க்க முடிந்தது. அடுத்தடுத்த தலைமுறைகள் ஹனாவ் நகரில் உள்ள எஸ்சிஎஸ் நிறுவனத்தின் பெட்டிக்குள் போயின. புதிய தலைமுறைப் பெட்டி ஒன்றின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டும்.

அமெரிக்காவில் இது சட்டப் போராட்டமாகவே ஆனது. அங்கே அமெச்சூர் விதிகளில், தரவு அனுப்பும் முறையின் தொழில்நுட்ப விவரங்கள் பொதுவில் ஆவணப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு பிரிவு உண்டு. அதில் எடுத்துக்காட்டாகவே பாக்டர் பெயர் வருகிறது. 2019இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் முன் வந்த மனு ஒன்று, எந்த டிஜிட்டல் முறையானாலும் மூன்றாமவர் முழுமையாகப் பிரித்துப் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கேட்டது. ஆயிரக்கணக்கான டாலர் மதிப்புள்ள படகுகளில் போகிறவர்கள் ஹாம் அலைவரிசையை இலவச அஞ்சலகமாக்கிவிட்டார்கள், யாரும் கண்காணிக்க முடியவில்லை என்பது மனுவின் பக்கம் நின்றவர்களின் வாதம். பேரிடர் நேரத்தில் வேலை செய்யும் ஒரே வழியை முடக்காதீர்கள் என்றது மறுதரப்பு.

இந்த வாதங்களில் எளிதில் தவறிப்போகும் நுணுக்கம் ஒன்று உண்டு. மின்னஞ்சல் சுருக்கப்பட்டுத் துண்டு துண்டாகப் போகிறது. ஒரு துண்டு சிதைந்தால் பெறும் நிலையம் மறுபடி அனுப்பச் சொல்லும். ஒட்டுக் கேட்கும் மூன்றாமவரால் அப்படிக் கேட்க முடியாது. அவருக்கு ஒரு துண்டு தவறினால் அதற்குப் பின்னால் உள்ள செய்தி விரியாது. ஆகவே நிரலும் ஆவணமும் முழுக்கத் திறந்திருந்தாலும் நடைமுறையில் கேட்பது கடினமே. திறமூலம் வந்தால் கண்காணிப்பு தானே வந்துவிடும் என்று நினைப்பது தவறு. இரண்டும் தனித்தனிக் கேள்விகள். கண்காணிப்புக்காக வின்லிங்க் தன் வானொலிச் செய்திகளை உரிமம் உள்ளவர்கள் பார்க்கும்படி பிறகு திறந்துவைத்தது. எஸ்சிஎஸ் நிறுவனமும் பாக்டரைக் கேட்டறிய ராஸ்பெர்ரி பையில் ஓடும் ஒரு கருவியைத் தந்தது. இவை கண்காணிப்பைத் தீர்த்தன. கற்பதைத் தீர்க்கவில்லை. மோடம் எப்படி இயங்குகிறது என்பது பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் ஸ்பெயினைச் சேர்ந்த ஹாம் ஒருவர் தனியாளாக எழுதிய வாரா என்ற மென்பொருள் மோடம் பரவியது. ஆயிரம் டாலர்ப் பெட்டி வேண்டாம், கணினியின் ஒலி அட்டை போதும். குறைந்த வேகம் இலவசம், முழு வேகத்துக்கு 69 டாலர். அதுவும் மூடிய மூலம், விண்டோஸ் கணினிக்காக எழுதப்பட்டது. நல்ல மென்பொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை. சத்தமும் மங்கலும் நிறைந்த குறுகிய அலையில் அவ்வளவு வேகத்தைத் தொட்ட திறமூல மோடம் அது பரவிய நாட்களில் இல்லை. ஆர்டாப் என்ற திறந்த மோடம் இருந்தது, ஆனால் மெதுவானது. நார்வேயில் எழுதப்பட்ட பேட் என்ற திறமூல வின்லிங்க் மென்பொருள் லினக்ஸிலும் ஓடுகிறது, அதுவும் வேகம் வேண்டுமென்றால் வாராவையே நாட வேண்டியிருக்கிறது. தம் உழைப்புக்கு ஒருவர் 69 டாலர் கேட்பதில் தவறே இல்லை. பல நாடுகளின் பேரிடர்த் தொடர்பு ஒரே மனிதரின் வன்தட்டில் உள்ள நிரலைச் சார்ந்து நிற்பதுதான் என்னை அச்சுறுத்துகிறது. அவருக்கு உடல்நலம் குன்றினால், ஆர்வம் வேறு பக்கம் போனால், விண்டோஸின் புதிய பதிப்பில் அது ஓட மறுத்தால் என்ன செய்வது? இதற்கு விடை வைத்திருக்க வேண்டியவர் அவர் அல்ல, அவரை நம்பித் திட்டம் போட்ட பேரிடர்க் குழுக்கள்.

இந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. கார், பலூன், படகு ஆகியவற்றின் இருப்பிடத்தை ஹாம் அலைவழி வரைபடத்தில் காட்டும் ஏபிஆர்எஸ் முறைக்கு ஒரு காலத்தில் உலகெங்கும் பிடித்த மென்பொருள் யுஐ-வியூ. அதை எழுதிய பிரிட்டிஷ் ஹாம் ரோஜர் பார்க்கர் 2004இல் காலமானார். அவர் விருப்பப்படி மூலநிரல் அழிக்கப்பட்டது. அது அவருடைய உரிமை, அதை மதிக்கிறேன். அவர் நினைவாக மென்பொருள் தொடர்ந்து கிடைத்தது, ஆனால் ஒரு பிழையைக்கூட யாரும் திருத்த முடியாத நிலையில். வரைபடச் சேவைகள் மாறின, இயங்குதளங்கள் மாறின, யுஐ-வியூ 2004லேயே நின்றது. ஆயினும் ஏபிஆர்எஸ் சாகவில்லை. பாப் புரூனிங்கா தொடங்கிய அந்த முறையின் மொழி ஆவணமாகப் பொதுவில் இருந்ததால் வேறு பலர் புதிய மென்பொருள் எழுதினார்கள். டயர்உல்ஃப் என்ற திறமூல நிரல் இன்று பழைய வன்பொருள் மோடங்களின் வேலையை இன்னும் நன்றாகச் செய்கிறது. நிரல் மூடியிருந்தும் மொழி திறந்திருந்தால் இழப்பு தாங்கக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மூடிய நிரல்கள் இழைக்கும் சிறு கொடுமைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016இல் ஹாம் ரேடியோ டீலக்ஸ் என்ற புகழ்பெற்ற மென்பொருளின் நிறுவனம், குறைகூறி விமர்சனம் எழுதிய வாடிக்கையாளர் ஒருவரின் பிரதியை முடக்கிய செய்தி வெளியாகி உலக ஹாம்களிடையே பெரும் கொதிப்பு எழுந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பாதிக்கப்பட்டவர் வேறு மென்பொருளுக்கு மாறிக்கொள்ள முடிந்தது. அவருடைய குரலோ செய்தியோ காற்றிலிருந்து அகற்றப்படவில்லை. கோபப்பட வேண்டிய நிகழ்ச்சிதான், ஆனால் நான் அஞ்சும் வகைக் கேடு அல்ல.

எதிர்ப்பக்கத்து எடுத்துக்காட்டுக்கு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் போக வேண்டும். வானியலாளர் ஜோ டெய்லர் 1974இல் ரஸ்ஸல் ஹல்ஸோடு சேர்ந்து இரட்டைப் பல்சாரைக் கண்டுபிடித்தவர், அதற்காக இருவரும் 1993இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். இரைச்சலுக்குள் புதைந்த நுண்ணிய துடிப்பைத் தோண்டியெடுத்த அதே கலையை அவர் ஹாம் வானொலிக்குக் கொண்டுவந்தார். 2001இல் டபிள்யுஎஸ்ஜேடி மென்பொருளை வெளியிட்டார், 2005இல் அதன் மூலநிரலைத் திறந்தார். நிலவில் பட்டுத் திரும்பும் எதிரொலியில் பேசுவதற்கு ஜேடி65, சிறு திறனில் அலைப்பரவலை அளக்க விஸ்பர் என்று முறைகள் வந்தன. 2017இல் ஸ்டீவ் ஃபிராங்க்கோடு சேர்ந்து உருவாக்கிய எஃப்டி8 வந்ததும் ஹாம் உலகின் முகமே மாறியது. 15 நொடிக்கு ஒரு முறை, 50 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள், 77 பிட் செய்தி ஒன்று போகிறது. குரல் தொடர்பு முற்றிலும் இறந்துவிட்ட நிலையிலும் அது கண்டம் தாண்டிச் சேர்கிறது.

எஃப்டி8 பரவியதற்கு அதன் திறன் மட்டும் காரணம் அல்ல. நிரலோடு நிற்காமல், முறை எப்படி அமைந்தது என்று 2020இல் கட்டுரையாகவே எழுதி வெளியிட்டார்கள். முறை திறந்திருந்ததால் லாட்வியாவைச் சேர்ந்த ஒருவர் சிறு மைக்ரோகண்ட்ரோலரிலும் ஓடக்கூடிய எஃப்டி8 நூலகம் ஒன்றை எழுதினார். வேறொருவர் அதே அடித்தளத்தில் விசைப்பலகை உரையாடலுக்கான ஜேஎஸ்8கால் முறையைச் செய்தார். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மொழி திறந்திருந்தால் இப்படித்தான் கிளைக்கும்.

அதே குடும்பத்தில் 2024இல் ஒரு சறுக்கலும் நேர்ந்தது. தொலைதூரத் தீவுகளிலிருந்து ஒலிபரப்பும் பயணக் குழுக்களின் பெயரில் போலிகள் தோன்றுவது நெடுநாள் தொல்லை. அதைத் தடுக்க டிஜிட்டல் கையொப்பத்தோடு சூப்பர்ஃபாக்ஸ் என்ற முறை வந்தது. தொடக்கத்தில் அதன் ஒரு பகுதி மூலநிரல் இல்லாமல் இயங்குகோப்பாகவே தரப்பட்டது, எதிர்ப்பும் எழுந்தது. எதிர்த்தவர்கள் பக்கம்தான் நான். பூட்டின் அமைப்பு பகைவனுக்குத் தெரிந்தாலும் சாவி மட்டும் மறைவாக இருந்தால் போதும் என்று மறையியலில் கெர்க்காஃப்ஸ் 1883லேயே எழுதிவிட்டார். போலியைத் தடுக்க நிரலை மறைக்கத் தேவையில்லை.

இனி இந்தியாவுக்கு வரலாம். இங்கே இந்த விவாதத்துக்கு வேறு எடை உண்டு. வெளிநாட்டுக் கருவி ஒன்றின் விலையும் சுங்கமும் சேர்ந்தால் பலருக்குப் பல மாதச் சம்பளம். ஹைதராபாதைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2000களின் தொடக்கத்தில் பிட்எக்ஸ் என்ற ஒற்றைப் பக்கப்பட்டைக் கருவியை வடிவமைத்தபோது ஊர்க் கடைகளில் கிடைக்கும் பாகங்களையே எடுத்துக்கொண்டார். கம்பிச் சுருள் சுற்றக் குழாய்க்குப் போடும் வாஷரே போதும் என்று காட்டினார். வடிவமைப்பை முழுதும் வெளியிட்டார். உலகின் பல மூலைகளில் ஹாம்கள் அதைச் செய்து பார்த்துத் திருத்தினார்கள். பின்னால் வந்த மைக்ரோபிட்எக்ஸ் கருவியின் மூளை ஒரு சிறு ஆர்டுயினோ பலகை. நிரல் திறந்திருந்ததால் வேறு நாட்டு ஹாம்கள் அதற்கு மாற்று ஃபர்ம்வேர் எழுதி, வடிவமைத்தவர் வைக்காத வசதிகளைச் சேர்த்தார்கள். 2022இல் வந்த எஸ்பிட்எக்ஸ் ராஸ்பெர்ரி பையில் ஓடும் மென்பொருள் வானொலி. அதற்குள் எஃப்டி8 உள்ளது. லாட்வியாவில் எழுதிய அந்த நூலகமே அங்கே வேலை செய்கிறது. பிரின்ஸ்டனில் யோசித்தது ஹைதராபாதில் கருவியாவதற்கு நடுவில் ஒப்பந்தம், கட்டணம், சிப் இறக்குமதி எதுவும் தேவைப்படவில்லை.

இந்தியக் கைக்கு வந்துசேர்ந்த இன்னொரு திறந்த மரபும் உண்டு. அமெரிக்காவின் ஃபிளெக்ஸ்ரேடியோ நிறுவனம் தன் முதல் மென்பொருள் வானொலிகளுக்கான பவர்எஸ்டிஆர் நிரலைப் பொது உரிமத்தில் வெளியிட்டது. பிறகு புதிய வரிசைக் கருவிகளோடு மூடிய மென்பொருளுக்கு மாறியது. வணிகக் காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் ஒருமுறை பொது உரிமத்தில் விட்ட நிரலைத் திரும்பப் பெற முடியாது. ஓப்பன் எச்பிஎஸ்டிஆர் என்ற தன்னார்வக் குழு அதை எடுத்துக்கொண்டு வளர்த்தது. அதன் வழித்தோன்றலான தீட்டிஸ் மென்பொருளையும் அந்தக் குழுவின் திறந்த பலகை வடிவமைப்பையும் கொண்டு, இந்திய நிறுவனமான அப்பாச்சி லேப்ஸ் அனான் என்ற பெயரில் கருவிகள் செய்து உலகெங்கும் விற்றது. திறமூலம் வணிகத்துக்குப் பகை என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பேரிடர் வாதத்தையும் நம் பக்கத்திலிருந்து ஒருமுறை பார்க்கலாம். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்தபோது பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு ஒன்று அந்தமானில் இருந்தது. மற்ற இணைப்புகள் அறுந்த நிலையில் அவர்கள் அங்கிருந்து செய்தி அனுப்பினார்கள். எந்த ஊரில் எந்தக் கருவி வைத்திருந்தவரும் கேட்டுச் சேர்ந்துகொள்ளக்கூடிய சாதாரண முறையில் அவர்கள் பேசியது, அந்த நாட்களின் பெரிய பலம். இனி வரும் பேரிடரில் மின்னஞ்சலும் படமும் கேட்பார்கள், குரல் மட்டும் போதாது என்பது உண்மை. ஒரு குழு வாராவை வைத்துக்கொள்வதில் தவறில்லை. அதோடு, உதவிக்கு வரும் முன்பின் தெரியாத ஹாம் தன் பழைய மடிக்கணினியில் உடனே நிறுவிக்கொள்ளக்கூடிய திறந்த முறை ஒன்றையும் அதே குழு பயிற்சியில் வைத்திருக்க வேண்டும். திட்ட அறிக்கையில் எழுதிவைப்பது போதாது, மாதம் ஒருமுறை அலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இப்போது கேள்வி இன்னொரு திசையில் திரும்பியிருக்கிறது. டேவிட் ரோவும் நண்பர்களும் 2024 முதல் ரேடி என்ற புதிய குரல் முறையைச் சோதித்து வருகிறார்கள். பழைய கோடெக்கில் சுருதியையும் ஒலி வலிமையையும் எப்படிப் பிட்டாக்குவது என்று மனிதர் முடிவு செய்தார். ரேடியில் ஒரு நரம்பு வலையமைப்பு பல மணி நேரப் பேச்சையும் அலைப்பாதையின் குறைகளையும் சேர்த்துக் கற்று, காற்றில் எந்தக் குறியை அனுப்புவது என்று தானே முடிவு செய்கிறது. குறுகிய அலையில் இதுவரை கேட்ட டிஜிட்டல் குரல்களைவிட அது மிக இயல்பாக ஒலிக்கிறது, ஏறத்தாழ 1,500 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள். பயிற்சி நிரலும் வலையமைப்பின் எடைகளும் வெளியிடப்பட்டுள்ளன. உரிமப்படி இது முழுத் திறமூலம், எவரும் இறக்கி ஓட்டலாம். ஆனால் கோடெக் 2ஐப் போல இதைக் கரும்பலகையில் எழுதி விளக்க முடியாது. இந்த எண் ஏன் இந்த அளவில் இருக்கிறது என்று கேட்டால் செய்தவருக்கே விடை தெரியாது. ஆவணத்தைப் படித்து இரண்டாமவர் தனியே ஒரு பிரிப்பானை எழுத முடியுமா என்பதே மொழி திறந்திருக்கிறதா என்று அறிய நாம் இதுவரை வைத்திருந்த சோதனை. ரேடியில் அவர் எழுதலாம், ஆனால் அந்த எடைகளை எண் மாறாமல் அப்படியே எடுத்துக்கொண்டால்தான் முடியும். ஆகவே எடைகளின் எந்தப் பதிப்பு எந்த நாளில் அலையில் இருக்கிறது என்பதை யார் காப்பது, பழைய பதிப்பை எங்கே வைப்பது, பயிற்சிக்குப் பயன்பட்ட பேச்சுத் தொகுப்பு எதிர்காலத்திலும் கிடைக்க என்ன ஏற்பாடு என்பவற்றை ஹாம் சங்கங்கள் இப்போதே பேசித் தீர்மானிக்க வேண்டும். ஒழுங்குமுறை அமைப்புகளும் ‘பொதுவில் ஆவணப்படுத்தப்பட்டது’ என்ற சொற்றொடருக்குள் எடைகளும் அடங்குமா என்று சொல்லியாக வேண்டும். ரோவின் குழு எடைகளை மறைக்காமல் வெளியிட்டிருக்கும்போதே இதைச் செய்வது எளிது. இதே நுட்பத்தை ஒரு நிறுவனம் சிப்பில் ஏற்றி விற்கத் தொடங்கிய பிறகு, ஆம்பியோடு நடந்த இருபதாண்டுப் போராட்டத்தை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.